மர்மதேசம் நெசமாவே அவ்ளோ நல்லா இருந்துச்சா, இல்ல வெறும் நாஸ்டால்ஜியாவா?

கேட்டவர் கேட்டது இதான்: "எங்க வீட்ல சித்தப்பா, மாமான்னு எல்லாரும் மர்மதேசம், மகாபாரதம்னு பழைய சீரியலையே இன்னும் பேசிட்டு இருக்காங்க. நானும் யூடியூப்ல போட்டுப் பார்த்தேன். ரொம்ப ஸ்லோ, எஃபெக்ட்ஸ் பார்த்தா சிரிப்பு வருது. அப்படி என்னதான் இருக்கு அதுல, சின்ன வயசு ஞாபகம் தவிர?"

நாஸ்டால்ஜியான்னு சொல்லி ஒரே வரில முடிச்சிடலாம்தான், ஆனா அது பாதி பதில். மீதியச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன், ஏன்னா தொண்ணூறுகள்ல நான் வேலூர் சைதாப்பேட்டைல ஒரு கேபிள் ஆபீஸ்ல லைன் பையனா இருந்தவன். கம்பம் ஏறி ஒயர் இழுக்கிறது, கரண்ட் ஏறி இறங்கி அடிச்ச ஆம்ப்ளிஃபயர மாத்தறது, ஒண்ணாந்தேதி ஆனா வீடு வீடா போயி மாசக் காசு கேட்டு "அடுத்த வாரம் வாப்பா"ன்னு வாங்கிக் கட்டிக்கிறது, எல்லாம் நம்ம வேலைதான். எந்தப் புரோகிராமுக்கு ஜனம் அடிச்சிக்கும்னு டிஆர்பி எதுவும் பார்க்காமலே எங்களுக்குத் தெரியும். லைன் போச்சுன்னா எத்தன பேரு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறாங்க, அதான் எங்க ரேட்டிங்.

அந்த ரேட்டிங்ல 'சித்தி' சீரியலதான் யாரும் அடிச்சிக்க முடியாது. 1999 கடைசில ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஓடுச்சு, அது ஓடற நேரத்துல லைன் போனா பொம்பளைங்க நேரா ஓனர் வீட்டுக்கே போயிடுவாங்க. அப்பறம் மெட்டி ஒலி 800 எபிசோடுக்கு மேல, கோலங்கள் 1,500-க்கும் மேல. ஆனா ஒண்ணு கவனிச்சுப் பாருங்க, இன்னிக்கு சித்தியப் பத்திப் பேசறவங்க டைட்டில் பாட்டப் பாடுவாங்க, "ஆமா எங்க வீட்லயும் பார்த்தோம்"ம்பாங்க, பேச்சு அதோட முடிஞ்சுடும். மர்மதேசம்னு சொல்லிப் பாருங்க, யாருன்னே தெரியாத ரெண்டு பேரு அர மணி நேரம் பேசுவான். கூட்டம் பார்த்த சீரியல் வேற, வெறி புடிச்ச சீரியல் வேற. நீங்க கேக்கறது ரெண்டாவதப் பத்தி.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: மர்மதேசம் தொண்ணூறுகளோட பின்பாதில வாரத்துக்கு ஒரு நாள் வந்த தொடர். கே. பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு, கதை இந்திரா சௌந்தர்ராஜன், பேர் வாங்கிக் குடுத்த 'ரகசியம்', 'விடாது கருப்பு' ரெண்டையும் எடுத்தவர் நாகா. ரகசியத்துல ஒரு சிவன் கோயிலு, நவபாஷாண லிங்கம், அதச் சுத்தி நடக்கற சாவு. விடாது கருப்புல ஒரு கிராமம், தப்பு பண்றவனத் தேடி வெள்ளைக் குதிரைல வர்ற கருப்பசாமி, இது சாமியா இல்ல எவனாவது மனுஷன் பண்ற வேலையான்னு கண்டுபிடிக்கப் பார்க்கற மெட்ராஸ் ஆளுங்க. சேத்தனும் தேவதர்ஷினியும் அதுல நடிச்சிட்டு அப்பறம் நெசமாவே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அதையும் ரசிகருங்க ஏதோ சீரியலோட கடைசி எபிசோட் மாதிரிதான் பேசிப்பாங்க.

நம்ம வேலூர் பக்கம் கருப்பசாமி அவ்வளவா கெடையாது, இங்க தெருக்கோடி காவல் எல்லாம் முனீஸ்வரன்தான். ஆனா குதிரை இருந்துச்சு. அப்ப டவுன்ல கடைசியா மிச்சமிருந்த ஒண்ணு ரெண்டு ஜட்கா வண்டி ராத்திரி சவாரி முடிஞ்சு எங்க தெரு வழியாதான் கொட்டாய்க்குத் திரும்பும். விடாது கருப்பு முடிஞ்ச ராத்திரில அந்த டக் டக் டக் கேட்டா பசங்க மட்டுமில்ல, ஆபீஸ்ல தனியா ஷிஃப்ட் பார்த்த நானும் கதவச் சாத்திடுவேன், வண்டிக்காரர் எனக்கு நல்லாத் தெரிஞ்சவர், அவரு குதிரை கறுப்புக் குதிரை, அதெல்லாம் தெரியும், இருந்தாலும் சாத்திடுவேன்.

இப்ப ஒரு சம்பவம், தப்பு என் மேலதான். கொசப்பேட்டை பக்கம் போற லைன்ல ஒரு ஜாயின்ட்ல மழைத்தண்ணி எறங்கிடுச்சு. சாயந்தரமே பார்த்தேன், புது கனெக்டர் கைல இல்ல, காலைல மாத்திக்கலாம்னு இன்சுலேஷன் டேப் சுத்திட்டு எறங்கி வந்துட்டேன். ராத்திரி சரியா டைட்டில் மியூசிக் வர்ற நேரத்துக்கு நாலு தெரு அவுட்டு, ஸ்க்ரீன் பூரா கொசு. ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. ஏணியத் தோள்ல போட்டுகினு, வாயில டார்ச்ச கவ்விகினு கம்பத்துல நின்னு ஜாயின்ட்ட வெட்டிப் போடறேன், கீழ முப்பது பேரு. "இன்னாடா பண்ற, சீக்கிரம் போடு, செத்தது யாருன்னு இன்னிக்குச் சொல்றான்டா." லைன் வந்தப்ப ஸ்க்ரீன்ல 'தொடரும்'. அன்னிக்கு எனக்கு விழுந்த பேச்ச இங்க எழுத முடியாது.

மேட்டர் மறுநாள் காலைல. டீக்கடைல லாரி ஷெட்ல வேல செய்யற ஒரு அண்ணன், அவரு முந்தின நாள் சத்துவாச்சாரில மச்சான் வீட்ல இருந்தாரு, அது வேற கேபிளு, அவரு முழுசாப் பார்த்துட்டாரு. இருபது பேரு கிளாஸக் கைல வெச்சிகினு அவரு வாயையே பார்க்கறோம். அவரு சொல்றாரு: "குதிர சத்தம் வருது. ஆளக் காணோம். காத்து இல்ல, ஒரு எல அசையல. அப்ப பாரு, கோயிலு மணி தானா அடிக்குது. ஒரு தபா. யாரும் தொடல." சொல்லிட்டு ஒரு வாய் டீ குடிச்சாரு பாருங்க, அந்த இடைவெளில எனக்கு முதுகு சில்லுன்னு ஆச்சு. அந்த நாலு தெருவுக்கும் அந்த எபிசோட்னா அவரு சொன்னதுதான்.

பல வருஷம் கழிச்சு யூடியூப்ல மொத்தமா ஏத்தினாங்களே, அப்ப மொதல்ல தேடி எடுத்துப் பார்த்தது அந்த எபிசோடதான். மணி அடிக்கவே இல்ல. ரெண்டு தடவ பின்னாடி தள்ளிப் பார்த்தேன். அப்படி ஒரு ஷாட்டே இல்ல. அந்த அண்ணன் போட்ட மணி அது.

இதான் என் பதிலோட நடுமையம். இந்த மாதிரி வெறி புடிச்ச தொடர்ல பாதிதான் அவங்க எடுத்தது, மீதி பார்த்தவங்க போட்டது. நீங்க யூடியூப்ல பார்த்தது அந்தப் பாதிய. அதனாலதான் உங்களுக்கு ஸ்லோவா இருக்கு.

இது ஏதோ நம்ம ஊர் வெசயம் மட்டும்னு நெனைக்காதீங்க. இங்கிலாந்துல டாக்டர் ஹூன்னு ஒண்ணு, 1963 நவம்பர்ல ஆரம்பிச்சது, போலீஸ் பொட்டிக்குள்ள ஏறி காலத்துல முன்னாடி பின்னாடி போற ஒருத்தரோட கதை. அப்பெல்லாம் வீடியோ டேப்பு விலை அதிகம், ஒரு தடவ ஒளிபரப்பினத மறுபடி போடவும் நடிகர்களோட ஒப்பந்தத்துல ஆயிரத்தெட்டு கண்டிஷன், அதனால பிபிசி அந்த டேப்பையே அழிச்சு மேல வேற நிகழ்ச்சி எடுத்துகிச்சு. அறுபதுகள்ல வந்ததுல 90 எபிசோடுக்கு மேல இன்னிக்கும் படம் கெடையாது. ஆனா சத்தம் மட்டும் அத்தனைக்கும் இருக்கு, எப்படி? பசங்க. டேப் ரெக்கார்டர டிவி பக்கத்துல வெச்சு வீட்ல பதிவு பண்ணி வெச்ச ரசிகப் பசங்க. பிபிசி அப்பறம் அந்தச் சத்தத்த வாங்கிதான் கார்ட்டூன் படம் வரைஞ்சு சேர்த்து சில கதைகள வெளியிட்டுச்சு. 2013-ல நைஜீரியால ஜோஸ்னு ஒரு ஊர்ல டிவி ஸ்டேஷன் ஒண்ணுல பழைய ஃபிலிம் டப்பாவுல 9 எபிசோட் கெடச்சப்ப அங்க அது பேப்பர் நியூஸ். கம்பெனி குப்பைன்னு போட்டத ரசிகன் பரண்ல வெச்சிருந்தான், அவ்ளோதான்.

எங்க வீட்லயும் ஒரு டேப் இருக்கு. என் தங்கச்சி மர்மதேசம் டைட்டில் மியூசிக்க டிவி ஸ்பீக்கர்ல ரெக்கார்டர ஒட்ட வெச்சுப் புடிச்சா, நடுவுல குக்கர் விசில் ரெண்டு வருது. இன்னிக்கு அந்த மியூசிக்க நல்ல ஆடியோல கேட்டா அந்த இடத்துல என்னமோ கொறையற மாதிரியே இருக்கு எனக்கு. (குக்கர்ல அன்னிக்கு என்ன வெந்துச்சுன்னு அவளுக்கும் எனக்கும் இன்னும் சண்டை, நான் பருப்புன்னு சொல்றேன்.)

சரி, பார்த்தவங்க போட்டது போட்டதுன்னு சொல்றனே, எப்படி எடம் கெடைக்குது போடறதுக்கு? வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும், அதான் மொத காரணம். நடுவுல ஆறு நாள் சும்மா இருக்கு, அந்த ஆறு நாள்ல டீக்கடை, பள்ளிக்கூடம், பீடி கம்பெனி, தோல் ஷாப்புன்னு எல்லா எடத்துலயும் கொலகாரன் யாருன்னு பேச்சு. இன்னிக்கு பத்து எபிசோட ஒரே ராத்திரில இறக்கிடறான், நீயும் பார்த்துட்டு தூங்கிடற, மறுநாள் நீ அஞ்சாவதுல இருக்க, ஃப்ரெண்டு பத்தாவதுல இருக்கான், "ஸ்பாய்லர் சொல்லாத"ன்னு பேச்சே அடைஞ்சு போச்சு. பேசறதுக்கு ஒரே எடத்துல நிக்கணும் இல்ல எல்லாரும்.

ஆனா இதவிடப் பழைய சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, அது நம்ம வட ஆற்காடு ஜில்லாக்காரனுக்கு நல்லாத் தெரியும். நான் பொறந்தது ஆற்காட்டுல இருந்து ஆரணி போற பக்கம் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயில்ல அக்கினி வசந்தம்னு பாரதத் திருவிழா வந்துச்சுன்னா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல கூத்து, விடிய விடிய. வில் வளைப்பு, துகில், அர்ஜுனன் தபசுன்னு ராத்திரிக்கு ஒரு கதை, கடைசி நாள் காலைல மண்ணுல பெருசா துரியோதனனப் படுக்க வெச்சு படுகளம், சாயந்தரம் தீமிதி. யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியாதவன் ஒருத்தன் அங்க இருக்க மாட்டான். இருந்தாலும் கோணிப்பை, போர்வ எல்லாம் எடுத்துகினு போயி எடம் புடிச்சு உக்காருவோம். நம்ம ஆளுங்க தொடர் பார்க்கக் கத்துகிட்டது டிவிலயா? இல்லவே இல்ல.

அதனாலதான் பி.ஆர். சோப்ராவோட மகாபாரதம் வந்தப்ப (1988 அக்டோபர் 2-ல இருந்து 1990 ஜூன் வரைக்கும், மொத்தம் 94 எபிசோடு, முழுக்க ஹிந்தி) எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் ஹிந்தி தெரியாம ஊரே பஞ்சாயத்து டிவி முன்னாடி உக்காந்துச்சு. மெட்ராஸ் 130 கிலோமீட்டர் சொச்சம், ஆன்டெனாவ மூங்கில்ல கட்டி ஏத்தி, பூஸ்டர் போட்டு, ஒருத்தன் மேல நின்னு திருப்ப கீழ இருந்து "போதும் போதும், ஐயோ போச்சு, கொஞ்சம் திருப்பு"ன்னு கத்துவானுங்க. முன் வரிசைல எங்க ஊரு கூத்து வாத்தியாரு. அவருக்கும் ஹிந்தி ஒரு எழுத்து தெரியாது, ஆனா கதை அத்துப்படி, அவருதான் எங்களுக்கு டப்பிங். இவன் யாரு, இப்ப இன்னா சொல்றான், அடுத்து இன்னா நடக்கப் போவுது எல்லாம் முன்கூட்டியே சொல்லிடுவாரு, ஒரு தடவ கூட யாரும் ஸ்பாய்லர்னு சண்டைக்குப் போகல.

அதுல ஆரம்பத்துல ஒரு சக்கரம் சுத்தும், 'மை சமய் ஹூம்'னு ஒரு குரல் வரும், காலம்தான் கதை சொல்ற மாதிரி. ஹரீஷ் பிமானியோட குரல். முதல் வாரம் வாத்தியாரு அதக் கேட்டுட்டு, "இவன்தான்டா கட்டியக்காரன். மூஞ்சியக் காட்டாம பேசறான் பாரு, ஜோக்கும் சொல்ல மாட்டேங்கறான்"னாரு. (கூத்துல நடுநடுவுல வந்து கதையச் சொல்லி, ஜோக்கும் அடிக்கறவருதான் கட்டியக்காரன்.) ஆராய்ச்சி பண்ணி எழுதினாலும் இவ்ளோ சரியாச் சொல்ல முடியுமான்னு தெரியல எனக்கு.

சூதாட்டம் வந்த வாரம் இன்னும் கண்ணுல நிக்குது. கூத்துல துச்சாதனன் வேஷம் கட்டறவரு துகிலுரியறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி, தாயே மன்னிச்சிக்கோன்னு கும்புட்டுட்டுதான் சேலைல கை வெப்பாரு, அது முறை. டிவில திரௌபதியா நடிச்ச ரூபா கங்குலிய முடியப் புடிச்சு இழுத்துட்டு வர்றான், நேரா சேலைல கை வெக்கறான். வாத்தியாரு எழுந்து நின்னுட்டாரு. "இன்னாடா இவன், கற்பூரம் காட்டாமலே தொடறான்!" சபைல சத்தமே இல்ல. ஒரு ஆயா விறுவிறுன்னு வீட்டுக்கு ஓடி ஒரு கட்டி கற்பூரம் எடுத்துகினு வந்து டிவி முன்னாடி செங்கல்லு மேல ஏத்துச்சு. அதுக்கு அப்பறம்தான் எல்லாரும் மூச்சு விட்டோம். டிவிக்கு சூடம் காட்டினாங்க, பட்டிக்காட்டு ஜனம்னு அப்ப பேப்பர்ல கிண்டலா எழுதுவாங்க. அந்த ஆயா டிவியக் கும்புடல. எடுத்தவன் விட்டுட்ட ஒரு முறைய தன் கையால சேர்த்துச்சு. டீக்கடை அண்ணன் மணி போட்ட மாதிரிதான்.

அமெரிக்காவுல இதே கதைய வேற மாதிரி பண்ணாங்க. ஸ்டார் டிரெக்னு ஒரு விண்வெளிக் கப்பல் கதை, 1966 செப்டம்பர்ல வந்துச்சு, சுமாரான ரேட்டிங், ரெண்டு வருஷத்துல நிறுத்தற நெலம. ரசிகருங்க சேர்ந்து அத ஒளிபரப்பின என்பிசி சேனலுக்குக் கடுதாசி மேல கடுதாசி போட்டாங்க, மூணாவது வருஷம் கெடச்சுது, அப்பறமும் 1969-ல 79 எபிசோடோட மூடிட்டான். உண்மையா அது பெரிசானது செத்ததுக்கு அப்பறம்தான், சின்னச் சின்ன ஸ்டேஷன்ல தெனம் மறு ஒளிபரப்பு ஓடி ஓடி. 1972-ல நியூயார்க்ல ரசிகர் கூட்டம் ஒண்ணு போட்டாங்க, சில நூறு பேரு வருவாங்கன்னு பார்த்தா 3,000 பேருக்கு மேல. நாசாவோட முதல் விண்வெளி ஓடத்துக்கு அந்தக் கதைல வர்ற கப்பலோட பேரான என்டர்பிரைஸ்னு பேரு வந்ததும் இவங்க போட்ட கடுதாசியாலதான், அது வெறும் சோதனைக்குன்னே கட்டினது, விண்வெளிக்கே போகல, பாவம். நம்மாளுங்களும் கடுதாசி போட்டாங்க, மெட்ராஸ் தூர்தர்ஷன்ல எதிரொலின்னு கடிதம் படிக்கவே ஒரு நிகழ்ச்சி இருந்துச்சு, எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் பாதிக் கடிதம் ஒளியும் ஒலியும்ல இன்னும் ரெண்டு பாட்டு சேர்த்துப் போடுங்கன்னுதான். நம்ம டேஸ்டு அப்படி, அதுக்கு நான் வெக்கப்படல.

நாஸ்டால்ஜியா இல்லவே இல்லையான்னா, இருக்கு. லாக்டவுன்ல 2020 மார்ச் 28-ல இருந்து தூர்தர்ஷன் ராமாயணத்த மறுபடி போட்டுச்சு, ஏப்ரல் 16 அன்னிக்கு மட்டும் 7.7 கோடி பேரு பார்த்தாங்கன்னு அவங்களே சொன்னாங்க, மெட்டி ஒலியும் அந்த நேரத்துல திரும்ப வந்துச்சு. வீட்ல அடைஞ்சு கெடக்கறப்ப, நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாதப்ப, முடிவு தெரிஞ்ச கதைதான் மனசுக்குக் கேக்கும். அது நாஸ்டால்ஜியாவும்தான். ஆனா பழசு எல்லாமே அப்படித் திரும்பி வர்றதில்லையே? எங்க கேபிள்ல ஓடினதுல முக்காவாசி சீரியல் பேரே இப்ப ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல, எனக்கே இல்ல, ஒயர் இழுத்தவன் நான். வெறும் பழசுங்கறதாலதான் பிடிக்குதுன்னா அதெல்லாமும் பிடிச்சிருக்கணும் இல்ல.

குறையும் சொல்லிடறேன், நேர்மையா. மகாபாரதத்துல போர்க்களம் வந்தப்பறம் ரெண்டு அம்பு ரெண்டு பக்கத்துல இருந்து பொறுமையா வந்து நடு வானத்துல முட்டிக்கிறத இன்னிக்கு பார்த்தா எனக்கும் சிரிப்புதான் வருது. மர்மதேசத்துல சில காட்சில மைக் நெழல் கூட கண்டுபிடிக்கலாம்னு ஒரு ஃப்ரெண்டு அடிச்சுச் சொல்றான், நான் தேடப் போகல. ரகசியத்துல நடுவுல ஒரு பத்து எபிசோட கம்மி பண்ணிருக்கலாங்கறது என் அபிப்ராயம், இதச் சொன்னா மர்மதேச வெறியனுங்க அடிக்க வருவானுங்க, வரட்டும். அடிக்க வர்றானுங்கங்கறதே அது உசுரோட இருக்குன்னுதான அர்த்தம், கோலங்கள்ல 300 எபிசோட கொறச்சிருக்கலாம்னு சொல்லிப் பாருங்க, "ஆமாம்பா"ன்னு தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

உங்க வயசுக்காரங்களுக்கு இது புரியாத வெசயமும் இல்ல, மை டியர் பூதம் மூசாவ வெச்சு நீங்க போடற மீம்ஸ் இருக்கே, அதுவும் இதே வேலைதான். அவன் எடுத்தத எடுத்து நீங்க வேற ஒண்ணு போடறீங்க. 20 வருஷம் கழிச்சு உங்க புள்ள அந்த சீரியல ஒரு எபிசோட் பார்த்துட்டு "இதுல என்னப்பா இருக்கு"ன்னு கேப்பான், அப்ப உங்களுக்கும் பதில் சொல்ல நாக்கு சுத்தும்.

2024 நவம்பர்ல இந்திரா சௌந்தர்ராஜன் தவறிட்டாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணவங்கள்ல ஒருத்தன் கொசப்பேட்டைக்காரன், பேசியே பத்து வருஷம் இருக்கும். துக்கம் விசாரிக்கற குரல்லயே பேசிகினு இருந்தவன் கடைசியா, "ஏன்டா, அன்னிக்கு அந்த ஜாயின்ட்ட சாயந்தரமே ஒயுங்கா போட்டிருக்கக் கூடாதா?"ன்னான். இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு!

பார்க்கணும்னு ஆசை இருந்தா ரகசியத்துல ஆரம்பிக்காதீங்க, விடாது கருப்புல ஆரம்பிங்க. மொபைல்ல வேணாம், 1.5 ஸ்பீடுல வேணவே வேணாம். வாரத்துக்கு ஒண்ணு பாருங்க, கூட ஒருத்தர சேர்த்துக்கோங்க, சித்தப்பாவா இருந்தா ரொம்ப நல்லது, அவரு நடுவுல பேசுவாரு, பேச விடுங்க. அப்பறம், கோயில் மணி எப்ப அடிக்கும்னு மட்டும் காத்திருக்காதீங்க. அது எங்க நாலு தெருவுக்கு மட்டும்தான் அடிச்சது.